பஸ் நின்ற நாட்களில் யார் நடந்தார்கள்?

கரோனா காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆக்சிஜன், தடுப்பூசி, முகக்கவசம் என்று பேச்சு நீளும். பஸ்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், சேரியிலும் காலனியிலும் இருக்கிற நம் ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தை அவர்கள் பஸ்ஸை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். "பஸ் நின்ன சமயத்துலதான் அப்பா தவறிப்போச்சு", "பஸ் விட்ட மறுவாரம்தான் திருப்பூருக்குக் கிளம்புனான்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். பஸ் நின்றால் நின்றுபோகிற வாழ்க்கை அவர்களுடையது.

தமிழ்நாட்டில் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம், விரைவுப் போக்குவரத்துக் கழகம், நம் கும்பகோணம் கோட்டம் உட்பட மொத்தம் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருக்கின்றன. சுமார் 20,000 பஸ்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். நாட்டிலேயே பெரிய பொதுப் போக்குவரத்து அமைப்புகளில் இதுவும் ஒன்று. தொற்று வந்தபோது இந்த அமைப்பை அரசு எப்படிக் கையாண்டது? அதனால் யாருக்கு என்ன ஆனது? அடுத்த முறை ஒரு பேரிடர் வந்தால் என்ன செய்ய வேண்டும்? இப்போதே கேட்டுவைக்க வேண்டிய கேள்விகள் இவை.

186 நாட்கள்

முதலில் நாட்களை எண்ணுவோம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது, பஸ்கள் நின்றன. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. மே 31 வரை பஸ் இல்லை. அது 68 நாள்.

ஜூன் 1 அன்று மாநிலத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்து, சென்னையும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களும் தவிர்த்து மற்ற இடங்களில் பாதி பஸ்களை மட்டும் விட்டார்கள். திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்கள் திருச்சி, அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டையோடு ஒரே மண்டலத்தில் இருந்தன. ஒரு பஸ்ஸில் 60 சதவீத இருக்கைகளுக்கு மட்டுமே ஆள் ஏற்ற வேண்டும். 54 இருக்கை என்றால் 32 பேர். பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். ஒரு மாதம் இப்படி ஓடியது. தொற்று கூடியதும் ஜூலை 1 முதல் மறுபடி நிறுத்தம். ஆகஸ்ட் 31 வரை 62 நாள். செப்டம்பர் 1 அன்று மாவட்டத்துக்குள்ளும், 7 அன்று மாவட்டம் விட்டு மாவட்டமும் பஸ் ஓடத் தொடங்கியது.

இரண்டாம் அலை வந்தபோது, 2021 மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. ஜூன் 21 அன்று சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களிலும், 28 அன்று மேலும் 23 மாவட்டங்களிலும் பஸ் விட்டார்கள். தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு மட்டும் இல்லை. அந்தப் பதினொன்றில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கும் உண்டு. நமக்கு ஜூலை 5 அன்றுதான் பஸ் வந்தது. அது 56 நாள்.

68, 62, 56. கூட்டினால் 186 நாள். ஏறத்தாழ அரை வருஷம் நம் கிராமங்களுக்கு அரசு பஸ் இல்லை.

பஸ் நின்றது, பயணம் நிற்கவில்லை

தொற்று பரவக்கூடாது என்றுதானே நிறுத்தினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூடிய பஸ்ஸுக்குள் நெருக்கியடித்து நின்றால் நோய் பரவும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், பஸ்ஸை நிறுத்தியதால் பயணம் நின்றதா?

கோயம்பேட்டை எடுத்துக்கொள்வோம். 144 தடை அமலுக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் சென்னையில் கூலி வேலை பார்த்தவர்கள் கோயம்பேடு பஸ் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். இடைவெளி வேண்டும் என்று சொன்ன அதே நேரத்தில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்துதான் ஏறினார்கள். அவகாசம் கொடுக்காமல் நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

அடுத்து கோயம்பேடு காய்கறிச் சந்தை. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று பரவி, மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்கள், வண்டி தள்ளியவர்கள், கடைகளில் கூலிக்கு நின்றவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அரசு பஸ் ஒன்றுகூட ஓடாத நாட்கள் அவை. பலர் காய்கறி லாரியிலும் சரக்கு வண்டியிலும் ஏறித்தான் வந்தார்கள். அடுத்த சில நாட்களில் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. உடனே, "கோயம்பேட்டிலிருந்து வந்தவன்" என்ற முத்திரை அந்தத் தொழிலாளர்கள் மேல் விழுந்தது. சந்தையை மூடிய அன்றே பரிசோதனை செய்து, பாதி இருக்கையில் உட்காரவைத்து, பெயர் எழுதி, அரசு பஸ்ஸிலேயே ஊருக்கு அனுப்பியிருந்தால்? யார், எந்த ஊர் என்ற விவரம் கையில் இருந்திருக்கும். லாரியில் மறைந்து வரவேண்டிய நிலைமை வந்திருக்காது. பஸ்ஸும் இருந்தது, ஓட்டுநரும் இருந்தார். அரசு அந்த வழியை யோசிக்கவில்லை.

மறுபக்கம் இ-பாஸ் என்று ஒன்று இருந்தது. கல்யாணம், சாவு, வைத்தியம் என்று காரணம் காட்டி இணையத்தில் விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கும். 2020 ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே கிடைத்தது. ஆனால், பாஸ் கிடைத்து என்ன பயன்? ஏறுவதற்கு வண்டி வேண்டுமே! கார் வைத்திருப்பவருக்கு அது அனுமதிச் சீட்டு. டவுன் பஸ்ஸை நம்பியவருக்கு அது வெறும் காகிதம். பஸ் இல்லாத காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஆட்டோவுக்கோ வாடகைக் காருக்கோ பல மடங்கு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நடக்க வேண்டும்.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் கடை 2020 மே 7 அன்று திறந்தது. மறுநாள் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கி மே 16 அன்று மறுபடி திறந்தார்கள். பஸ் வந்தது ஜூன் 1. ஜூலை, ஆகஸ்டில் பஸ் நின்றிருந்தபோதும் மாவட்டங்களில் கடை திறந்துதான் இருந்தது. ஓர் அரசுக்கு எது அவசியம் என்பதைத் தேதிகளே சொல்லிவிடுகின்றன.

ரேஷன் கடை மூடவில்லையே!

"தொற்றுக் காலத்தில் வேறு வழி இல்லை" என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. அது ரேஷன் கடை. முழு ஊரடங்கு இருந்த 2020 ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாயும், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று நாளும் நேரமும் குறித்து டோக்கன் கொடுத்தார்கள். கட்டம் போட்டு நிற்கவைத்தார்கள். குறைகள் இருந்தன. ஆனால், கடை மூடவில்லை. ஏனென்றால், அரிசி இல்லாமல் இருக்க முடியாது என்று அரசு ஒப்புக்கொண்டது.

பஸ் விஷயத்தில் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், ஊரடங்கிலும் பஸ்ஸைப் பத்திரமாக ஓட்ட முடியும் என்பதைப் போக்குவரத்துக் கழகமே நிரூபித்தது. சென்னையில் மருத்துவமனை ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள், அரசு ஊழியர்களுக்காகச் சிறப்பு பஸ்கள் ஓடின. ஓட்டுநரும் நடத்துநரும் உயிரைப் பணயம் வைத்து அந்த வண்டிகளை எடுத்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அதே முறையில் ஒவ்வொரு வழித்தடத்திலும் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் என்று விட்டிருக்கலாமே! டயாலிசிஸுக்குப் போகிறவர், காசநோய்க்கு மருந்து வாங்குகிறவர், மாதப் பரிசோதனைக்குப் போகிற கர்ப்பிணி, சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் போகிற பெரியவர் ஆகியோருக்கு 144 தெரியும். நோய்க்கு 144 தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 60 சதவீத இருக்கையோடு ஓட்டினால் நஷ்டம் என்று தனியார் பஸ் முதலாளிகள் பலர் வண்டியை எடுக்கத் தயங்கினார்கள். அதே நிபந்தனையோடு, கட்டணத்தையும் கூட்டாமல் ஓடியது அரசு பஸ்தான். லாபம் பார்க்காமல் ஓடுவதற்கென்றே ஒரு பஸ் இருக்கிறது என்றால் அதன் பெயர் அரசு பஸ். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

பஸ்ஸில் ஏறிய கதை

நமக்கு பஸ் என்றால் வெறும் வண்டி இல்லை. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடமாடத் தடை இல்லை என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது. பஸ் வந்த பிறகும் பல தனியார் முதலாளிகள் நம்மை ஏற்ற மறுத்தார்கள். சுயமரியாதை இயக்க முன்னோடியான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தால் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். ஆக, நாம் பஸ்ஸில் ஏறியது முதலாளிகளின் பெருந்தன்மையால் இல்லை. ஒரு பொது அமைப்பு போட்ட உத்தரவால் ஏறினோம்.

1972இல் பஸ்கள் அரசுடைமையாகி, போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் யார் பக்கத்திலும் உட்காரலாம். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊரிலும் பஸ்ஸில் தனி சீட் வைக்க முடியவில்லை. அரசு நிறுவனம் என்பதால் இட ஒதுக்கீடும் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் காக்கிச் சட்டை போட்டு ஓட்டுநராக, நடத்துநராக ஊருக்குள் வந்தார்கள்.

அதற்காகச் சாதி பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். பஸ்கள் மேல் கல் விழுந்தது. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு நீக்கிவிட்டது. மன்னர்கள் பெயரோடு ஓடியபோது வராத கோபம், ஒரு தலித் வீரனின் பெயரைப் பார்த்ததும் வந்தது.

இந்தப் பின்னணியோடுதான் கரோனா காலத்தில் பஸ்ஸில் ஒட்டிய "சமூக இடைவெளியைக் கடைப்பிடிப்பீர்" என்ற வாசகத்தை நாம் படிக்க வேண்டியிருந்தது. நோய்க்குத் தேவை ஆறடி உடல் இடைவெளி. சமூக இடைவெளி என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தனிமனித இடைவெளி என்று சொல்லுங்கள் என்று பலர் எடுத்துச் சொன்ன பிறகும் பழைய சொல்லே பல இடங்களில் நீடித்தது. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைத்த வண்டியிலேயே அந்தச் சொல்லை ஒட்டியதுதான் வேதனை.

ஒரு நல்ல காரியமும் நடந்தது

குறையை மட்டும் சொன்னால் நியாயமாகாது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே 7 அன்று பதவியேற்ற முதல்வர் மு.க. ஸ்டாலின், முதல் நாளில் கையெழுத்திட்ட ஐந்து உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அந்த இழப்பை ஈடுகட்ட 1,200 கோடி ரூபாயைக் கழகங்களுக்கு அரசு தரும் என்று அறிவித்தார். பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது நீட்டிக்கப்பட்டது.

தொற்றுக் காலத்தில் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு இது பெரிய கைகொடுப்பு. நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரியவந்தது. சித்தாள் வேலைக்கு டவுனுக்குப் போகிற அக்காவுக்கும், ஜவுளிக்கடையில் நிற்கிற தங்கைக்கும் 888 ரூபாய் என்பது சின்னத் தொகையா? கேஸ் சிலிண்டருக்கு ஆகும், பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும். பள்ளிகள் 2021 செப்டம்பர் 1 அன்று திறந்தபோது, பஸ் பாஸ் வரும்வரை சீருடையில் வந்தாலே இலவசமாக ஏற்ற வேண்டும் என்ற அறிவிப்பும் பாராட்டத்தக்கது.

ஆனால், காகிதத்தில் இருக்கும் உரிமை படிக்கட்டில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போகிறது, "ஓசி" என்று ஏளனம் செய்கிறார்கள் என்ற புகார்கள் வந்து, ஊழியர்களுக்கு அரசு அறிவுறுத்தல் கொடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த வயதான பெண்ணை, நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதே மாதத்தில் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தையும் இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், முதல்வரே கண்டித்தார். நடவடிக்கை சரி. ஆனால், அந்த இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே விஷயம்: உழைக்கிற உடம்பைப் பார்த்து முகம் சுளிக்கிற பழைய புத்தி. நடத்துநர் பயிற்சியில் டிக்கெட் கிழிப்பதைச் சொல்லித் தருகிறார்கள். தீண்டாமை குற்றம் என்பதையும் சொல்லித் தரட்டும்.

திரும்பி வராத நடைகள்

தொற்று போய்விட்டது. ஆனால், அப்போது நிறுத்திய நடைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவா? ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை, வண்டி பழசு என்று காரணம் சொல்லிக் கிராமத்து நடைகளைக் குறைத்துவிட்டார்கள் என்ற புகார் மாநிலம் முழுக்க இருக்கிறது. குறைப்பது எப்போதும் கடைசி ஊரிலிருந்துதான் ஆரம்பிக்கும். பெரும்பாலும் அந்தக் கடைசி ஊருக்கும் கடைசியில் இருப்பது நம் தெரு. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் 100 பேரில் 34 பேர் பட்டியல் சாதியினர். இங்கே ஒரு நடை குறைந்தால் யார் நடக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? இருக்கிற ஒரே பஸ்ஸில் அத்தனை மாணவர்களும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனால், தொங்குகிற பிள்ளைகளைத் திட்டுகிறோம். இன்னொரு பஸ் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை.

காலியிடங்களை நிரப்பும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் வழியாக ஓட்டுநர்களை எடுப்பதை எதிர்த்து 2023 மே மாதம் சென்னையில் தொழிலாளர்கள் திடீர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது அவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. நிரந்தர வேலை என்றால் இட ஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தம் என்றால் அதைக் கேட்கவே ஆள் இல்லை. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய காக்கிச் சட்டை அங்கேதான் காணாமல் போகிறது.

நாம் செய்ய வேண்டியது

கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, அடுத்த பேரிடரில் ரேஷன் கடையைப்போல அரசு பஸ்ஸும் அத்தியாவசியச் சேவை என்று இப்போதே அறிவிக்க வேண்டும். எந்த ஊரடங்கிலும் ஒவ்வொரு வழித்தடத்திலும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடையாவது ஓட வேண்டும். இரண்டு, 2020 மார்ச்சுக்கு முன்பு இருந்த நடைகள் அத்தனையும் திரும்ப வேண்டும். மூன்று, சாலை வசதி இருக்கிற இடங்களில் பஸ் ஊர்த்தெருவோடு திரும்பாமல் காலனி நிறுத்தம் வரை வர வேண்டும்.

இதற்குக் கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கட்டணம் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "எங்கள் ஊர் வழித்தடத்தில் 2020 பிப்ரவரியில் தினமும் எத்தனை நடை? இப்போது எத்தனை? குறைத்திருந்தால் எந்த உத்தரவின்படி?" இந்த மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். பெண்களை முன்னால் உட்காரவையுங்கள். தீர்மானம் போட்டு, நகல் வாங்கி, ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியருக்கும் இன்னொன்றைக் கிளை மேலாளருக்கும் கொடுங்கள்.

நம் தாத்தாக்கள் பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு உத்தரவு தேவைப்பட்டது. அந்த பஸ் நம் தெருவுக்குத் திரும்பி வருவதற்கும் ஒரு உத்தரவுதான் தேவை. மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.